அந்த ஹம் யாருடையது

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டீர்கள். சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து ஏதோ புரியாத சங்கீதத்துக்கு செட்டு கேட்கிறது, கொடுக்கலாமா, பின்னால் வம்பு வருமா என்று.  டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பதில் ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை. அதனால்தான் இன்றைக்குச் செட்டு வாடகைக்கு விடுகிற உங்கள் எல்லாரையும் உட்கார வைத்திருக்கிறேன்.

உத்திரமேரூரில் சவுண்ட் செட் கடை வைத்திருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். காது குத்து, கல்யாணம், கூழ் ஊற்றுகிற திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். இடது காது மந்தமான பிறகு கடையை விட்டுவிட்டேன். விடுவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது.

ஒரு நாள் மேகலா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் அவளுடைய மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு. அங்கே பம்ப்செட் ரூமை ஒட்டின கட்டிடத்தில் சில மாதங்களாகத் தங்கியிருந்தாள். நான் அவளை முன்பே பார்த்திருந்தேன். பார்க்காதவர் அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஏரிக்கரை மேல், பூனைக்குட்டி மாதிரி மயிர் வைத்த மைக்கை ஒரு கழியில் கட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு தனியாக நடப்பாள். ரைஸ் மில் வாசலில் நின்று மோட்டார் சத்தத்தைப் பிடிப்பாள். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் மைக்கை நீட்டிக்கொண்டே நிற்பாள்.

ஊரில் இதற்கு மூன்று விளக்கம் இருந்தது. கம்பெனிக்கு நிலம் பார்க்க வந்தவள், அந்தக் கருவியில் நிலத்தை அளக்கிறாள் என்பது ஒன்று. கோயில் பக்கம் புதையல் தேடுகிறாள் என்பது இன்னொன்று. தோப்பில் கஞ்சா என்பது மூன்றாவது. நான் மூன்றையுமே நம்பவில்லை, ஆனால் எதையும் தள்ளிவிடவும் இல்லை.

"அண்ணா, பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் பாக்ஸ் நாலு ஜோடி வேணும். ஒரு நாளைக்கு" என்றாள்.

"இன்னா ஃபங்ஷன்மா?"

"ஃபங்ஷன் இல்ல. கொஞ்சம் பேர் வந்து என் மியூசிக்கைக் கேப்பாங்க."

"பாட்டு யாரு?"

"பாட்டு கிடையாது. வார்த்தை இல்ல, தாளம் இல்ல. ஆம்பியன்ட்னு சொல்வாங்க. கொஞ்சம் இருட்டா, கொஞ்சம் சோகமா இருக்கும்."

"ஆடுவாங்களா?"

"பாயைப் போட்டுப் படுத்துக்குவாங்க. கண்ணை மூடிக்குவாங்க."

எனக்குப் புரிந்த எந்த விசேஷத்திலும் ஆட்கள் வந்து பாய் போட்டுக் கண்ணை மூடிப் படுப்பதில்லை. மேடை வேண்டாம், லைட் வேண்டாம், மைக் வேண்டாம் என்றாள். ராத்திரியா என்று கேட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்றாள். ராத்திரி என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் குறைவாக இருந்திருக்கும். பட்டப்பகலில் கண்ணை மூடிப் படுக்க எதற்குச் சென்னையிலிருந்து வர வேண்டும்?

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இன்னா தான் பண்ணுறாங்கன்னு கூடவே இருந்து பாத்துடலாம் என்பதுதான் நிஜமான காரணம்.

முந்தின நாள் நானும் என்னிடம் பல வருஷம் வேலை பார்த்த எத்திராஜும் சாமான்களை இறக்கினோம். மேகலா தோப்பின் நாலு மூலையிலும் பாக்ஸ் வைக்கச் சொன்னாள். சத்தம் சுற்றி வர வேண்டுமாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பம்ப்செட் ரூம் பக்கம். கிழக்கு மூலை பாக்ஸுகள் தோப்பின் எல்லையில், பக்கத்து நிலத்துக் கம்பி வேலியை ஒட்டி. அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு மூலையிலும் ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வைத்து, பக்கத்திலேயே ஒரு இரும்புக் குழாயை அடித்து எர்த் கொடுத்தேன். மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்ததால் மண் ஈரமாக இருந்தது, குழாய் சுலபமாக இறங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் தணிகாசலத்தின் வேர்க்கடலைக் கொல்லை. தணிகாசலம் பெரிய கை. ஊர்த் திருவிழாவுக்கு யாருடைய செட்டு என்பதை அவர்தான் முடிவு செய்வார். வேலை நடக்கும்போது அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் கன்னியப்பா, பொட்டியெல்லாம் ஏன் இந்தப் பக்கமா வெக்கற? அந்தாண்ட வெய்யேன்."

"நாலு மூலையிலும் வெக்கச் சொல்லுதுங்க அந்தப் பொண்ணு."

"வரவனுங்க எவனும் வேலியாண்ட வரக்கூடாது. சொல்லி வெச்சிடு. கடலை பிஞ்சா கீது."

பிஞ்சுக் கடலையை யார் திருடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒயரை இழுத்தேன்.

சாயங்காலம் அவள் தன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே குமிழ்களும் கலர் கலராக ஒயர்களும். ஒவ்வொரு குமிழாகத் திருகினாள். தம்பிகளா, எத்தனையோ வருஷம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தவன் நான், அந்த மாதிரி சத்தத்தைக் கேட்டதில்லை. காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் வந்தது. தூரத்தில் யாரோ பெருமூச்சு விட்டு, அது முடியாமல் நீண்டுகொண்டே போவது மாதிரி. அதற்கு மேலே கோயில் மணி, ஆனால் மணி மாதிரி இல்லை. ஒரு அடியை இழுத்து இழுத்து, உலோகம் அழுகிற மாதிரி ஆக்கியிருந்தாள். ரைஸ் மில் மோட்டார் ஏதோ மிருகம் தூங்குகிற மாதிரி அடியில் ஓடியது. எத்திராஜ் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாண்ணா, ஒரு மாதிரி பேஜாரா கீது" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. துக்க வீட்டுக்குள் போய் யார் செத்தார்கள் என்று தெரியாமல் நிற்கிற உணர்ச்சி.

பொழுது இறங்குகிற நேரத்தில் அதற்குள் ஒரு "ம்ம்ம்ம்" என்ற உறுமல் சேர்ந்துகொண்டது. மேகலா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, உங்க செட்டுல ஹம் வருது."

"என் செட்டுல வராதும்மா. உன் பொட்டியில வருது."

"என்னுது இல்ல."

"உன் பாட்டு முழுக்கவே ஹம் தானேம்மா, அதுல எது உன்னுது எது என்னுதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பழைய ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறான் என்று நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. தன் பெட்டியின் கோளாறை என் மேல் போடுகிறாள் என்று நானும் நினைத்தேன். இருட்டிவிட்டதால் அன்றைக்கு அதோடு ஆஃப் செய்தோம். பம்ப்செட் ரூம் லைன் சரியில்லை போல, நாளைக்கு ஜெனரேட்டரில் ஓட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு இருபது பேர் போல வந்தார்கள். தாடி வைத்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, வேட்டி கட்டின ஒரு வங்கி அதிகாரி. ஒவ்வொருவர் பையையும் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். தண்ணீர் பாட்டில், போர்வை, கொசுவத்தி. சிகரெட்கூட ஒருவர் கையில்தான் இருந்தது, அதையும் மேகலா வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லிவிட்டாள். கஞ்சா வாசனை எனக்குத் தெரியும், எத்தனையோ திருவிழாவில் பார்த்திருக்கிறேன். அங்கே மாம்பூ வாசனைதான் இருந்தது.

படுத்தார்கள். கண்ணை மூடினார்கள். அவள் தொடங்கினாள். ஜெனரேட்டரில் செட்டு சுத்தமாக இருந்தது, ஒரு துளி ஹம் இல்லை. நான் அவளைப் பார்த்து, பாத்தியா என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

நாலு மணி தாண்டியிருக்கும். மழை வருகிற மாதிரி வானம் மூடியிருந்தது. அந்த உறுமல் மறுபடியும் வந்தது.

இப்போது மேகலா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பயத்தோடு பார்த்தாள். தன் குமிழ்களை மெல்லத் திருகிக் காண்பித்தாள். அவளுடைய சத்தம் ஏறியது, இறங்கியது. அந்த உறுமல் மட்டும் அசையவில்லை. அவள் சொன்னது சரி, அது அவளுடையது இல்லை. அப்படியானால் என்னுடையது. ஆனால் மின்வாரிய லைனே இல்லாமல் ஜெனரேட்டரில் ஓடும்போது, சற்று முன்வரை சுத்தமாக இருந்த செட்டில் எப்படி வரும்? நான் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தேன். மேற்கு சுத்தம். வடக்கு சுத்தம். தெற்கு சுத்தம். கிழக்கில் மட்டும் உறுமல். வேலியோரம்.

அப்போதுதான் எனக்கு எர்த் குழாய் ஞாபகம் வந்தது. ஈர மண்ணில் எங்கிருந்தாவது கரண்ட் இறங்கினால், நாம் அடித்து வைத்த எர்த் குழாய் அதை எடுத்து ஸ்பீக்கரில் கொடுத்துவிடும். உங்கள் செட்டிலும் ஒரு நாள் இந்த உறுமல் வரும். வந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திட்டாதீர்கள்.

ஆனால் என் மனதில் ஓடினதை முழுசாக யோசிப்பதற்குள் தோப்பு வாசலில் கூச்சல். தணிகாசலம் முன்னால் வந்தார். பின்னால் ஊர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். ஒருவன் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே வந்தான். இன்னொருவன் தோளில் ஒரு ஆடு தொங்கியது. செத்த ஆடு.

கடைசியில் காசியம்மா வந்தாள். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பில் இருப்பவள், அவளும் புருஷன் ஏழுமலையும் கூலிக்குப் போவார்கள், இரண்டு மூன்று ஆடு வைத்திருந்தார்கள். செத்தது அவளுடைய ஆடு. ஆனால் அவளை யாரும் பேச விடவில்லை.

"பாரு இன்னா பண்ணி வெச்சிக்கிறீங்கன்னு! இந்த சத்தத்துல நெஞ்சு வெடிச்சி ஆடு செத்துப்போச்சி. நாளைக்கு மாடு சாவும், அப்பறம் மனுசன்" என்றார் தணிகாசலம். ஆட்டை மிக்சருக்கு முன்னால் போடச் சொன்னார். "செட்டைப் புடுங்குடா கன்னியப்பா. இதுங்க எல்லாத்தையும் வண்டி ஏத்தி அனுப்பு."

"கஞ்சா அடிச்சிட்டு எப்படிக் கெடக்குதுங்க பாரு" என்றான் படம் எடுத்தவன். பாயில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார ஆரம்பித்தார்கள். கைக்குழந்தை அழுதது. மேகலா தன் சத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டாள். 

இந்த இடத்தில் எனக்கு ஒரு வழி ரொம்பச் சுலபமாக இருந்தது. மெயினை ஆஃப் செய்துவிட்டு, தணிகாசலத்தைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏற்றலாம். நானே அந்தப் பெண்ணை நம்பாதவன். ஊர் சொன்னதில் பாதியை மனதில் வைத்துக்கொண்டுதான் அங்கே நின்றேன்.

ஆனால் குனிந்து ஆட்டைப் பார்த்தேன். மூக்கின் மேல் ஒரு கறுத்த கோடு. மயிர் பொசுங்கியிருந்தது. சத்தம் மயிரைப் பொசுக்காது.

"எங்கம்மா கெடந்துச்சி இது?" என்று காசியம்மாவைக் கேட்டேன்.

"அவளுக்கு இன்னா தெரியும், நான் சொல்றேன்..." என்று தணிகாசலம் குறுக்கே வந்தார்.

"வேலியாண்ட கெடந்துச்சி" என்றாள் அவள்.

"ஏழுமலை எங்க?"

"குட்டி ஒண்ணு காணம். வேலியோரமா தேடிக்கினு போயிக்கிறாரு."

தம்பிகளா, கிழக்கு எல்லை அங்கிருந்து நல்ல தூரம். என் முட்டிக்கு ஓடிப் போய்ச் சேர முடியாது. தணிகாசலத்திடம் உங்கள் வேலியில் கரண்ட் விட்டிருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்பார். நீ பாத்தியா என்பார். கூட்டம் அவருடையது. அந்தத் தர்க்கம் முடிவதற்குள் ஏழுமலை கம்பியை விலக்கிவிட்டு உள்ளே குனிவான். நான் நினைத்தது தப்பாக இருந்தால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எனக்கு இனிமேல் ஒரு வேலை கிடைக்காது. அதுவும் மனதில் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய்.

எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும், வேண்டாமென்று சொன்னாலும், ஒரு மைக்கைச் சொருகி வைப்பது என் பழக்கம். அதை எடுத்தேன். கிழக்குப் பாக்ஸுகளை முழுக்க ஏற்றினேன்.

"ஏழுமலை! நின்ன எடத்துலயே நில்லு! வேலியத் தொடாத! ஏழுமலை, கம்பியத் தொடாத! பின்னால வா!"

பதினெட்டு இஞ்ச் பாக்ஸில் மனிதக் குரல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கே என் குரல் பயமாக இருந்தது. மாமரத்திலிருந்த காக்காய்கள் எல்லாம் எழும்பின. தூரத்தில் வேலியோரப் புதருக்கு நடுவே ஒரு தலை நிமிர்ந்து, அப்படியே நின்றது.

கூட்டம் முழுக்கக் கிழக்குப் பக்கம் திரும்பியது. நான் மைக்கை வைத்தேன். மேகலாவின் பெட்டியிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"இதோ பாருங்க. அந்தப் பொண்ணோட பாட்டு இந்த ஒயருல தான் வருது. புடுங்கிட்டேன். இப்ப சத்தம் நிக்கணும் இல்ல?"

நிற்கவில்லை. கிழக்கு மூலையிலிருந்து "ம்ம்ம்ம்" என்று தோப்பு முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது. படம் எடுத்தவன் செல்போனை அந்தப் பக்கம் திருப்பினான்.

"அப்ப அது இன்னாய்யா?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்களுது இல்ல. மண்ணுல இருந்து வருது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் எடுக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எவன்யா என் வேலியில கரண்ட்டுன்னு சொல்றது?" என்றார் தணிகாசலம்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரண்ட்டுன்னு நான் சொல்லலியே" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "பன்னி தொல்ல தாங்க முடியல, உங்களுக்குத் தெரியாதா" என்று யாரிடமோ சொல்வது மாதிரி முனகினார். திரும்பினார். முதலில் நடந்தார், தோப்பு வாசல் தாண்டினதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவருடைய மோட்டார் கொட்டாய்க்குள் போனார்.

உறுமல் நின்றது.

சட்டென்று, கத்தியால் அறுத்த மாதிரி. தோப்பில் இலை உரசுகிற சத்தம் கேட்டது. "நின்னுடுச்சி" என்று யாரோ சின்னக் குரலில் சொன்னார். ஆட்டைத் தூக்கி வந்தவன் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்ட வேண்டாம். லைன்மேன் வந்தார், போலீஸ் வந்தது, கம்பியைக் கழற்றினார்கள், கேஸ் ஆனது. ஊர் ஆட்கள் சிலர் என்னிடம் வந்து, எங்களுக்கும் ஒரு டவுட்டு இருந்துச்சி என்றார்கள். நான் அதையும் நம்பவில்லை. இன்றைக்கும் எனக்குத் தீராத கேள்விகள் இரண்டு உண்டு. பன்றிக்காக ராத்திரியில் மட்டும் விடுகிற கரண்டைப் பகலிலேயே ஏன் விட்டார்? மேகலாவின் பாட்டைக் கேட்க வந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டா? அடுத்தது, ஆடு எதனால் செத்தது என்று தெரிந்தேதான் அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாரா? அவரைப் பிறகு பல தடவை கடைத்தெருவில் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கிற பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நம் தொழிலில் சந்தேகம் வேண்டும், அது இல்லாதவன் ஒயரைத் தொடவே கூடாது. ஆனால் நான் இரண்டு நாள் முழுக்க அந்தப் பெண்ணின் மைக்கையும், வந்தவர்களின் பையையும், பாயையும் சந்தேகப்பட்டேன். முந்தின நாள் சாயங்காலமே அந்த ஹம்மைக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் அந்த ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். புரியாத சங்கீதம் என்று யாராவது செட்டு கேட்டு வந்தால் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். எது அவர்களுடைய சத்தம், எது இல்லை என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு அவ்வளவு கூச்சலிலும் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்த ஒரு தாடிக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "நடுவுல ஒரு குரல் வந்துச்சு பாருங்க சார், தொடாத தொடாதன்னு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அது ரெக்கார்டிங்கா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழுமலை குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவன் வந்ததும் காசியம்மா எழுந்து போய் அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அவ்வளவு நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அவன் ஏன் அடிக்கிறாள் என்று தெரியாமல் குட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இருவரும் செத்த ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும் வரை அதை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம்.

மேகலா பெட்டியை மூடப் போனாள். காசியம்மா அவளைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ போடறது சாவுக்குப் போடறதா?"

மேகலா பெட்டி மூடியிலிருந்து கையை எடுத்தாள். "அப்படின்னு இல்லக்கா. மனசு சரியில்லாதவங்க கேப்பாங்க."

"எங்க ஆட்டுக்கு ஒரு தபா போடேன்" என்றாள் காசியம்மா.

மேகலா என்னைப் பார்த்தாள். நான் பிடுங்கின ஒயரை எடுத்து மறுபடியும் சொருகினேன். அவள் ரொம்பச் சின்னதாகத் தொடங்கினாள். போகத் தயாராக நின்றவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். காசியம்மா ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சரியாகப் பார்க்கவில்லை, பாட்டையும் கேட்கவில்லை. கிழக்கு மூலைக் குமிழின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் வேறு ஏதாவது வருகிறதா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.